ஸ்டீராய்டு காலத்தில் உடையும் நகமும் கொட்டும் முடியும்: புதிதாக மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் நகம் நுனியில் இரண்டு ஏடாகப் பிரிந்தது, பழைய பஞ்சாங்கத்தின் மூலை மாதிரி. வலி ஒன்றும் இல்லை. ஆனால் அன்று முழுக்க அந்த ஏடு கட்டியிருந்த காட்டன் புடவையின் நூலை இழுத்துக்கொண்டே இருந்தது. அதே வாரம் குளியலறைச் சல்லடையில் எலுமிச்சம்பழ அளவுக்கு முடி திரண்டு கிடந்தது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து அப்போது நான்கு மாதம்.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். 2018இல் தினம் 40 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது 5 மில்லிகிராமில் ஓடுகிறது. வீடு பெரம்பூரில். ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு, தோலில் கொப்புளம் போடும் பெம்ஃபிகஸ் என்று ஆளுக்கொரு காரணத்துக்காக இந்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வந்தவர்கள், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எலும்பைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ இருப்பதில்லை. "முடி திரும்ப வருமாக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் வரும். ஆனால் அது தன் அவசரத்துக்குத்தான் வரும், நம் அவசரத்துக்கு வராது. அதுவரை என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பல வருடம் மாத்திரை சாப்பிட்ட அனுபவமும், டாக்டர்களை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் என் கையிருப்பு.

முதல் வேலை: மாத்திரையில் கை வைக்காதீர்கள்

முடி கொட்டுகிறது, முகம் வீங்குகிறது என்று தோன்றிய உடனே மனம் நேராக மாத்திரை டப்பாவுக்குத்தான் போகும். எனக்கும் போனது. சித்தி மகள் கல்யாணத்துக்கு முன்னால், போட்டோவில் முகம் பூசணிக்காய் மாதிரி விழக் கூடாது என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் முகூர்த்த நேரத்தில் மண்டபத்தின் கை கழுவும் இடத்தில் வாந்தி எடுத்து, கண் இருண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போட்டோவில் நான் இல்லவே இல்லை.

காரணம் எளிது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, தினமும் உடம்புக்கு வேண்டிய கார்டிசோலைச் சுரக்கும். வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் மருந்து மூன்று வாரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தால், சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய், ரத்த அழுத்தம் சரியும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் டாக்டர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். முடிக்காகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இந்த மருந்தின் கதையே அப்படித்தான். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்துக்கு முதன்முதலில் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1950இல் நோபல் பரிசே கிடைத்தது. முகம் உருண்டையாவது முதலான தொல்லைகளும் அந்த ஆரம்ப வருடங்களிலேயே தெரிந்துவிட்டன. அன்றிலிருந்து இன்றுவரை நன்மையையும் தொல்லையையும் சேர்த்தேதான் கட்டி மேய்க்கிறார்கள்.

ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல்

இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிவரை ஒரு முழு நகம் மாற ஆறு மாதம் ஆகும். கால் நகம் இதில் பாதி வேகம்தான். கால் கட்டைவிரலுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். தலைமுடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அப்படியென்றால் இன்று உடைகிற நகத்தின் நுனி, ஆறு மாதத்துக்கு முன்னால் உருவானது. முடி கொட்டுவதிலும் ஒரு தாமதம் இருக்கிறது. கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் படுக்கை, நோய் திடீரென்று ஏறுவது, மருந்து மாறுவது என்று உடம்பு ஒரு குலுக்கல் கண்டால், ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. உதிர்வது தானாக அடங்க ஆறு மாதம்வரை ஆகும்.

இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் பணம் போகும். புது ஷாம்பு போட்ட ஒரு வாரத்தில் முடி கொட்டுவது நின்றால் அது ஷாம்புவின் சாமர்த்தியம் இல்லை. பழைய கணக்கு தீர்ந்திருக்கிறது. அதே மாதிரி, போன வாரம் கூட்டிய மருந்தின் மீது இந்த வார முடியைப் போட்டுப் பழி சொல்லவும் முடியாது.

ஆகவே 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மூன்று விஷயம் எழுதுங்கள்: அன்றைய மாத்திரை அளவு, அந்த மாதம் வந்த காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நோய் ஏற்றம், நகமும் முடியும் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரி. அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே இடத்தில் வகிடு எடுத்து, உச்சந்தலையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்த்தால் பயம்தான் வளரும். இரண்டு மாத போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெரியும்.

நகத்தில் குறுக்காக ஒரு பள்ளம் ஓடினால் அதையும் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். நகக்கண்ணிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், சுமார் இரண்டு மாதத்துக்கு முன்னால் உடம்பு நகம் வளர்ப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தது என்று அர்த்தம்.

எல்லாப் பழியும் ஸ்டீராய்டுக்கு இல்லை

ஸ்டீராய்டு உடம்பின் புரதத்தைக் கரைக்கும், தோலை மெல்லிசாக்கும், தலைமுடியை மெலியவைக்கும், முகத்தில் பூனை முடியை வளர்க்கும். இதெல்லாம் சரி. ஆனால் நகம் உடைகிறது, முடி கொட்டுகிறது என்றால் பக்கத்திலேயே வேறு நாலு சந்தேக ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

முதல் ஆள் நோயே. லூபஸுக்கு முடி கொட்டுவது அதன் சொந்தக் குணம். நோய் அடங்கினால் முடி வரும், அதை அடக்குவதே ஸ்டீராய்டுதான் என்பது வேடிக்கை. இரண்டாவது, கூடச் சாப்பிடும் மருந்துகள். மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்ளூனமைடு, சைக்ளோபாஸ்பமைடு ஆகியவை முடியை உதிர்க்கலாம். சைக்ளோஸ்போரின் வேண்டாத இடத்தில் வளர்க்கலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நகத்தைக் கருக்கவைக்கலாம். மூன்றாவது தைராய்டு. நான்காவது, நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குமேல் இருக்கும் ரத்தசோகை. நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் வழியாமல் கரண்டியில் நிற்பது மாதிரி நின்றால், அது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம்.

அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் டி இவற்றையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். என் விஷயத்தில் குற்றவாளியில் பாதி குறைந்துபோன ஃபெரிட்டின்தான். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அதை ஃபில்டர் காபியோடு சேர்த்து விழுங்கி மூன்று மாதத்தை வீணடித்தேன். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடாதீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்பு, கால்சியம் இரண்டையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இதற்கென்றே ஒரு டைம்டேபிள் ஒட்டியிருக்கிறது. ஸ்கூல் பையன் வைத்திருப்பது மாதிரி.

நகம்: தண்ணீரிலிருந்து காப்பாற்றுங்கள்

நகம் தண்ணீரில் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படி ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்துதான் ஏடு ஏடாகப் பிரிகிறது. ஒரு நாள் காலையில் என் கை எத்தனை முறை நனைகிறது என்று எண்ணிப் பார்த்தேன். வாசல் தெளிப்பு, பால் பாத்திரம், அரிசி களைவது, காய் கழுவுவது, ஒவ்வொரு டம்ளராக அலம்புவது, துணி அலசுவது. மதியம் 12 மணிக்குள் 23 தடவை. எந்த விலை உயர்ந்த கிரீமும் இதன் முன்னால் நிற்காது.

எனவே முதல் மாற்றம் பாத்திரத்தில். டம்ளர் டம்ளராகக் கழுவாமல், சேர்த்து வைத்து ஒரு நாளைக்கு இரண்டு முறை, ரப்பர் கையுறை போட்டுக் கழுவுங்கள். வெறும் ரப்பர் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்து ஊறவைத்துவிடும். அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போடுங்கள். வேலை முடிந்ததும் இரண்டையும் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். கையுறையே பிடிக்காதவர்கள் கைப்பிடி வைத்த பிரஷ்ஷுக்கு மாறுங்கள். வீட்டில் இன்னொருவர் கழுவட்டும் என்பது இன்னும் நல்ல யோசனை. என் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நடக்கிறது.

இரண்டாவது, ஒவ்வொரு முறை கை துடைத்ததும் ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெயை ஒரு பழைய கண்மருந்து பாட்டில் அளவு டப்பாவில் ஊற்றி சிங்க் ஜன்னலில் வைத்திருக்கிறேன். நகத்தின் மேலும் நகக்கண்ணைச் சுற்றியும் தேய்க்கவேண்டும். ராத்திரி வாசலின் தடவலாம். நகம் ரொம்பக் காய்ந்து போனால் மருந்துக்கடையில் கிடைக்கும் யூரியா கலந்த கிரீமை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். தடவிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். மே மாதம் கரண்ட் போன ராத்திரியில் பெரம்பூரில் தூங்கிப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

மூன்றாவது, நகத்தை ஆயுதமாக்காதீர்கள். டப்பா மூடி, ஸ்டிக்கர், பார்சல் டேப், முக்கியமாக மாத்திரை அட்டை! தினமும் ஏழெட்டு மாத்திரையை நகத்தால் குத்திக் கிழித்துத்தான் என் ஆள்காட்டி விரல் நகம் போனது. விரலின் சதைப் பக்கத்தால் அழுத்துங்கள், முடியாவிட்டால் ஸ்பூனின் பின்பக்கத்தால். சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டு, இரு முனையையும் கத்தியால் நறுக்கினால் தோல் தானாகக் கழன்று வரும். பூண்டைக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டுங்கள்.

வெட்டுவது: குட்டையாக, குளித்த பிறகு நகம் மெத்தென்று இருக்கும்போது. நேராக வெட்டி, மூலையை மட்டும் அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் ராவினால் ஏடு பிரியும். நகக்கண் தோலை வெட்டவோ குச்சியால் பின்தள்ளவோ வேண்டாம், கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்பது அந்தத் தோல்தான். நகவெட்டி உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும், காலுக்கு வேறு. வெள்ளிக்கிழமை வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்று மாமியார் சொல்வார். பொதுவாக நானும் ஞாயிறு காலையில்தான் வெட்டுகிறேன். ஆனால் பாதி பிளந்து தொங்குகிற நகத்தை வெள்ளிக்கிழமையானாலும் உடனே வெட்டிவிடுங்கள். துணியில் மாட்டி நகக்கண்வரை கிழிந்தால் ஆற வாரக்கணக்காகும். ஸ்டீராய்டு எடுக்கிறவர்களுக்குப் புண் மெதுவாகத்தான் ஆறும்.

நெயில் பாலிஷ் போடலாம், மெல்லிசான நகத்துக்கு அது கொஞ்சம் முட்டுக்கொடுக்கும். கெடுப்பது அதைத் துடைக்கும் அசிட்டோன்தான். அசிட்டோன் இல்லாத ரிமூவராகப் பார்த்து, அதையும் எப்போதாவது. ஜெல் நகம், ஒட்டு நகம் வேண்டவே வேண்டாம். அரைத்த மருதாணி இலை பரவாயில்லை. கடையில் கருகருவென்று பிடிக்கும் கோனில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் செருகாதீர்கள்

நகத்தைச் சுற்றி வீங்கித் தெறித்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் தொப்பி மாதிரி மாட்டுவது நம் வீட்டு வைத்தியம். சின்ன வயதில் நானும் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது மாட்ட மாட்டேன். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் காய்ச்சலையும் அமுக்கி வைக்கும். உள்ளே சீழ் ஓடிக்கொண்டிருந்தாலும் வெளியே சாதுவாகத் தெரியும். ரத்தத்தில் சர்க்கரையையும் அது ஏற்றுவதால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே விரல் தெறித்தால் அடுத்த நாளே டாக்டரிடம் காட்டுங்கள்.

நகச்சொத்தை வேறு. நகம் மஞ்சளாகி, தடித்து, அடியில் மாவு மாதிரி உதிரும். பெரும்பாலும் காலில் வரும். பூஞ்சைதான் என்று உறுதிசெய்ய நகத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பரிசோதிப்பார்கள். மருந்துக்கடையில் கேட்டுப் பூஞ்சை மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவற்றில் சில, உடம்பில் ஸ்டீராய்டின் அளவையே ஏற்றிவிடும். நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தலைமுடி: கொட்டுகிறதா, ஒடிகிறதா?

சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல், நீளமும் ஏறுமாறாக இருந்தால் நடுவில் ஒடிந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். நாலு நாள் குளிக்காமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றினால், நாலு நாள் பாக்கியும் சேர்ந்து வரும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் நாலு நாள் தள்ளிப்போடுவார்கள். நானும் தள்ளிப்போட்டேன். வியர்வையும் பொடுகும் சேர்ந்து மண்டையெல்லாம் கட்டிக் கட்டியாகப் பரு வந்ததுதான் மிச்சம். வாரம் இரண்டு மூன்று முறை மென்மையான ஷாம்பு போட்டுக் குளியுங்கள். விழ வேண்டியது எப்படியும் விழும்.

ஒடிகிற முடிக்குத் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் தெருப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளியின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வேரிலிருந்து முடி கொட்டுவதற்கு உப்புத் தண்ணீர் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முடியைச் சொரசொரப்பாக்கிச் சிக்கு விழவைக்கும், சிக்கு எடுக்கும்போது ஒடியும். ஏற்கெனவே மெலிந்த முடிக்கு இது போதும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற காலத்தில் கண்டுபிடித்த வழி இது: எல்லாக் குளியலும் போர் தண்ணீரில், கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீர். இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

எண்ணெய் வைப்பதானால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்துக்குத் தடவுங்கள். இப்படிச் செய்தால் அலசும்போது முடி இழக்கும் புரதம் குறைகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். புது முடி முளைக்க அது உதவுமென்று நம்ப வேண்டாம். ராத்திரி எண்ணெயோடு தூங்கினால் நெற்றியிலும் தோளிலும் ஸ்டீராய்டுப் பரு இன்னும் கூடும். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை விட மனம் இல்லையென்றால் விடாதீர்கள். பாட்டி தேய்ப்பது மாதிரி மண்டையைப் பறபறவென்று தேய்க்காமல் விரல் நுனியால் மெதுவாக. சீயக்காய் போடுகிறவர்கள் கொரகொரப்பான பொடியைச் சலித்து, சாதம் வடித்த கஞ்சியில் குழைத்துப் போடுங்கள். தோல் மெல்லிசாகி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஈர முடியில் சீப்பு வேண்டாம். பல் அகலமான சீப்பால், நுனியில் ஆரம்பித்து மேலே வாருங்கள். இறுக்கிப் பின்னுவது, சவுரி வைப்பது, கல்யாண வீட்டில் மூன்று முழம் மல்லிகையைக் கொண்டை ஊசியால் குத்தித் தொங்கவிடுவது எல்லாமே வேரை இழுக்கும். ஒரு முழம் பூ போதும். வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் துவையுங்கள்.

நான் இடுப்புவரை இருந்த முடியைத் தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் குட்டை முடி அடர்த்தியாகத் தெரியும், சிக்கு விழாது, சல்லடையில் விழுவதும் பார்க்கக் கம்மியாக இருக்கும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று யாராவது சொல்வார்கள். வளராது, வேர் மண்டைக்குள் இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதே இல்லை. வேண்டுதலுக்காகப் போடுவதானால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புது பிளேடு கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து, தோல் டாக்டர் சொன்னால் மட்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் முடி கூடுதலாக உதிரும், முகத்தில் வழிந்தால் அங்கேயும் முடி வளர்க்கும். ஸ்டீராய்டு ஏற்கெனவே செய்வதற்கு அது வேறு ஒத்தாசை.

முகத்தில் வரும் முடி

கன்னத்தில், மேலுதட்டில், நெற்றி ஓரத்தில் பூனை முடி கருத்து நீளும். கூடவே முகமும் உருண்டையாகும். "நல்லா பூசினாப்புல இருக்கியே" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னபோது சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். அளவு குறையக் குறைய இரண்டுமே மாதக்கணக்கில் அடங்கும்.

அதுவரை பொறுக்க முடியாமல் ஒரு பார்லருக்குப் போனேன். "ரெண்டு நிமிஷம்க்கா, வலிக்காது" என்று அந்தப் பெண் மேலுதட்டில் நூல் வைத்து இழுத்தாள். முடியோடு தோலும் வந்தது. உளுந்து அளவுக்கு இரண்டு இடத்தில் ரத்தம். அடையாளம் போக நாலு மாதம். குற்றம் அவளுடையது இல்லை, மாத்திரை சாப்பிடுவதை நான்தான் சொல்லவில்லை. வாக்ஸிங் இதைவிட மோசம். முடி நீக்கும் கிரீமும் ப்ளீச்சும் மெல்லிய தோலை எரிக்கும். எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது, முகத்துக்கென்று விற்கும் பேட்டரி டிரிம்மர். தோலைத் தொடாமல் முடியை மட்டும் வெட்டும். வெட்டினால் தடித்து வளரும் என்பது பொய். லேசர் போன்ற செலவுகளை, மாத்திரை குறைந்த பிறகும் முடி போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்களுக்கு இதில் தொல்லை குறைவு. சலூனில் புது பிளேடா என்று மட்டும் பாருங்கள். குழந்தைகளுக்கு முதுகிலும் கன்னத்திலும் முடி வரும், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பயோட்டின், பொடி, கிரீம்

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகள் பெரும்பாலும் பயோட்டின் என்ற பி வைட்டமின்தான். அந்தச் சத்துக் குறைவு நம்மில் மிக அரிது. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு, இதயம் சம்பந்தப்பட்ட சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இலேயே எச்சரித்தது. ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம். புரதம் வேண்டும்: முட்டை, மீன், பச்சைப்பயறு, சுண்டல். கால்சியத்துக்குப் பால், தயிர், கேழ்வரகு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் உப்பு மூட்டை, முகத்தை இன்னும் வீங்கவைக்கும். கருவாட்டை விட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மூட்டு வலிக்கு, முடிக்கு என்று லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடிகளிடம் ஜாக்கிரதை. இப்படி விற்பவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டையே அரைத்துக் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டுப் பருவுக்கு, கடையில் கேட்டு முகத்துக்குக் கிரீம் வாங்குகிறவர்களும் உண்டு. வாங்கி வருவது பெரும்பாலும் இன்னொரு ஸ்டீராய்டு.

டாக்டரைப் பார்க்கும் நாள்

சிலவற்றுக்கு அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. மாத்திரை தவறிப்போய் வாந்தி, கிறுகிறுப்பு, வாந்தியால் மாத்திரையே உள்ளே தங்காதது, காய்ச்சல், விரலில் சீழ், கறுப்பாகப் போகும் மலம். இவற்றுக்கு அன்றைக்கே போக வேண்டும். காசு வடிவத்தில் வட்டமாக முடி போவது, தலையில் வழவழவென்று தழும்பு மாதிரி இடம் தெரிவது, ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு, நகம் சதையை விட்டுத் தூக்குவது ஆகியவற்றை அந்த வாரமே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். தனியாரில் செலவு கட்டாது என்றால், சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் எல்லாவற்றிலும் தோல் பிரிவு உண்டு. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்குங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

போவதற்கு முந்தின நாள் நெயில் பாலிஷை எடுத்துவிடுங்கள், மருதாணியும் வேண்டாம். தலைக்குக் குளித்து, எண்ணெய் இல்லாமல் போங்கள். "முடி கொட்டுது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. எப்போது ஆரம்பித்தது, அதற்கு மூன்று மாதம் முன்னால் உடம்பில் என்ன நடந்தது, அப்போது மாத்திரை எவ்வளவு என்று சொல்லுங்கள். வெளியே இன்னும் நாற்பது பேர் நிற்பார்கள், உங்களுக்கு ஐந்து நிமிடம்தான்.

போன வருடம் புது டாக்டர் ஒருவரிடம் போனேன். எதுவும் கேட்காமல் என் கட்டைவிரலை விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பினார். குறுக்கே ஓடிய பள்ளத்தைத் தன் நகத்தால் தடவிப் பார்த்து, "மூணு மாசம் முன்னாடி என்ன ஆச்சும்மா?" என்றார். நோட்டைத் திறந்து மார்ச் மாதப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். டெங்கு, ஆறு நாள் ஆஸ்பத்திரி.